சொடுக்கியது யார்?

2004 அக்டோபர் 19, செவ்வாய்க்கிழமை காலை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நார்விச் என்ற சிறு நகரம். அங்குள்ள கெல்லி நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஒன்றுக்கு அன்று பதிலி ஆசிரியையாக வந்தவர் ஜூலி அமேரோ. விடுப்பில் போகும் ஆசிரியருக்குப் பதிலாக ஒரு நாள், இரண்டு நாள் வந்துபோகிறவர்களுக்கு அந்தப் பள்ளிக் கணினியில் தனிக் கணக்கும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. வகுப்பின் ஆசிரியர் தன் கணக்கிலேயே கணினியைத் திறந்து வைத்துவிட்டு, அணைத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அணைத்தால் மறுபடி உள்ளே போக அமேரோவால் முடியாது.

அமேரோ கழிப்பறைக்குப் போய்த் திரும்பியபோது ஆசிரியர் இல்லை. மேசையில் இருந்த கணினியில் மாணவர்கள் இருவர் சிகையலங்காரம் பற்றிய ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் திரையில் ஆபாசப் படங்களோடு ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறக்கத் தொடங்கின. மூட மூட வந்துகொண்டிருந்தன. இடைவேளையில் ஆசிரியர்களின் ஓய்வறைக்குப் போய் உதவி கேட்டதாகவும், வந்து பார்க்க யாரும் இல்லை என்றும் அமேரோ பிற்பாடு சொன்னார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். பெற்றோர் பள்ளிக்கு வந்தார்கள். பள்ளி போலீசுக்குப் போனது.

2007 ஜனவரி 5 அன்று, சிறுவர்களின் ஒழுக்கம் கெடும் சூழ்நிலைக்கு அவர்களை உள்ளாக்கியதாக நான்கு குற்றச்சாட்டுகளில் அமேரோ குற்றவாளி என்று ஆறு பேர் கொண்ட ஜூரி தீர்மானித்தது. சட்டப்படி நான்குக்கும் சேர்த்து 40 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கொலை வழக்கில்கூட இதைவிடக் குறைவாகப் பெற்று வெளியே வந்தவர்கள் உண்டு.

இந்த வழக்கைத் தொழில்நுட்ப அறியாமையின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். நீதிமன்றத்துக்குக் கணினி தெரியவில்லை, தெரிந்தவர்கள் வந்து திருத்தினார்கள் என்று. அது பாதிக் கதைதான். அந்தக் கணினிமேல் அதிகாரம் உள்ளவர்கள் ஒரு வரிசையாக இருந்தார்கள். வாங்கியவர்கள், பராமரித்தவர்கள், கணக்கு வைத்திருந்தவர், தளத்தை எழுதியவர்கள். பழி அத்தனை பேரையும் கடந்து, கடைசியில் அந்தக் கணினியில் ஒரு கடவுச்சொல்கூட இல்லாத ஒருவர்மேல் போய் இறங்கியது. எப்படி இறங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் கணினி. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, அதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5. 2004-இல் அது ஐந்தாறு ஆண்டுப் பழசு. இந்த இயங்குதளத்தில் யார் பெரியவர், யார் விருந்தாளி என்ற பேதமே கிடையாது. எந்தக் கணக்கில் நுழைந்தாலும் முழுக் கணினியும் கைக்கு வந்துவிடும். ஒரு மாணவனோ ஆசிரியரோ இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரீன்சேவரை இறக்கினால், அதோடு ஒட்டிக்கொண்டு வருவது எதுவானாலும் கணினியின் அடிமடி வரை போய் உட்காரும். கெல்லி பள்ளிக் கணினியில் நடந்ததும் அதுவே. அமேரோ வருவதற்குச் சில நாட்களுக்கு முன், அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஸ்கிரீன்சேவர் ஒன்றோடு நியூடாட்நெட் என்ற நிரல் அதில் ஏறியிருந்தது பிந்தைய ஆய்வில் தெரிந்தது. அன்று வந்த படங்களுக்கெல்லாம் அந்த நிரல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கதவு எவ்வளவு திறந்து கிடந்தது என்பதற்கு அது போதுமான அத்தாட்சி.

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று இருந்தது. சோதனைக்காகத் தரப்படும் பதிப்பு, புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. வேவு நிரல்களைத் தடுக்க ஒன்றும் இல்லை. பாப்-அப் ஜன்னல்களைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. ஆபாசத் தளங்களை மறிக்க வேண்டிய வடிகட்டியின் உரிமம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்தது. இது பின்னால் யாரோ துருவிக் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. பள்ளி நிர்வாகத்தின் கணினிப் பொறுப்பாளரே சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டது.

வடிகட்டி அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்று 2000-இல் ஒன்று வந்தது. இணையக் கட்டணத்தில் மத்திய அரசின் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்றது அது. நூலகங்கள் எதிர்த்து வழக்காடி, 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. பிள்ளைகள் கண்ணில் ஆபாசம் படாமல் காப்பது நிறுவனத்தின் கடமை என்பது 2004-இல் புதுக் கருத்தே இல்லை. நாடாளுமன்றம் அப்படித்தான் எழுதி வைத்திருந்தது.

இனி அந்த ஜன்னல்கள். அவற்றின் பிறப்பிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1990-களில் ட்ரைபாட் என்ற தளம் ஆளாளுக்கு இலவசமாக இணையப் பக்கம் கொடுத்தது. பெரிய கார் நிறுவனம் ஒன்றின் விளம்பரம், அதில் யாரோ போட்டிருந்த பச்சையான பாலியல் பக்கம் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டது. நிறுவனம் பதறியது. விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனி ஜன்னலில் காட்டினால் இந்தச் சங்கடம் வராதே என்று யோசித்து அதற்கான நிரலை எழுதியவர் அங்கே வேலை பார்த்த ஈதன் ஜுக்கர்மன். 2014-இல் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் இதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். ஆபாசத்தின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று கண்டுபிடித்த உபாயம், சில ஆண்டுகளில் ஆபாச வியாபாரத்தின் வாகனமாக ஆனது.

2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் நம்மூர் பிரௌசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேர்வு முடிவு பார்க்கப் போய், எண்ணைத் தட்டுவதற்குள் திரையில் வேறு எதுவோ முளைத்து, பக்கத்துத் தடுப்பில் இருப்பவர் எட்டிப் பார்ப்பாரோ என்று உள்ளங்கை வேர்த்த அனுபவம் எனக்கே உண்டு. மானிட்டரின் பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு, கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு, முடிவைப் பார்க்காமலே வந்துவிட்டேன். எனக்கு அன்று யாரும் அணைக்காதே என்று சொல்லியிருக்கவில்லை. பின்னால் ஒரு வகுப்புப் பிள்ளைகளும் இல்லை.

இந்தப் பொறி வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பக்கத்தை மூடும்போது இன்ன காரியம் செய் என்று உலாவிக்கு உத்தரவிட ஜாவாஸ்கிரிப்ட்டில் வழி உண்டு. நியாயமான பயன், எழுதிக்கொண்டிருந்ததைச் சேமிக்கட்டுமா என்று கேட்பது. கெட்ட பயன், மூடியவுடன் இன்னும் இரண்டு ஜன்னல்களைத் திற என்பது. அந்த இரண்டுக்குள்ளும் அதே உத்தரவு. ஜன்னலின் விளிம்பையும் மூடும் பொத்தானையும் திரைக்கு வெளியே தள்ளிவிடவும் முடியும். மூட வேண்டும் என்று நினைத்து எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் எதிரிக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுக்கிறது. எலிப்பொறி என்றே அந்தத் தொழிலில் இதற்குப் பெயர்.

அமெரிக்க அரசுக்கு இது நன்றாகத் தெரியும். ஜான் ஜுக்கரினி என்ற ஒருவர் புகழ்பெற்ற தளங்களின் பெயர்களை எழுத்துப் பிழையோடு ஆயிரக்கணக்கில் பதிவு செய்து வைத்திருந்தார். பிள்ளைகள் கார்ட்டூன் தளத்தின் பெயரை அவசரமாகத் தட்டும்போது ஓர் எழுத்து மாறினால் இவர் வலையில் விழுவார்கள். நுகர்வோரைக் காக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-இல் அவர்மேல் வழக்குப் போட்டது. கமிஷனின் ஊழியர் ஒருவர் பொறிக்குள் தானே இறங்கிப் பார்த்தார். 32 ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். இரண்டுதான் மிச்சம் என்ற நிலையில் 'பின்செல்' பொத்தானை அழுத்தினார். தொடக்கத்தில் வந்த அதே ஏழு ஜன்னல்கள் மறுபடி வெடித்துக் கிளம்பின. இது அரசு நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிய செய்தி. தெரிந்தே விழுந்த நிபுணருக்கு இந்தக் கதி.

2002-இல் ஜுக்கரினி ஏறத்தாழ 19 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. 2003-இல், ஏமாற்றும் தளப்பெயர்களால் பிள்ளைகளை ஆபாசத்துக்கு இழுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. அதன்கீழ் கைதானார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2004 பிப்ரவரியில் இரண்டரை ஆண்டு சிறை பெற்றார். நார்விச் வகுப்பறை நிகழ்வுக்கு எட்டு மாதம் முன்பு. பொறி வைத்தவருக்கு 30 மாதம் கொடுத்த அதே நாட்டில், பொறிக்குள் சிக்கியவர் 40 ஆண்டை எதிர்நோக்கி நின்றார். இரண்டும் வேறு வேறு நீதிமன்றங்கள், வேறு சட்டங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் அமேரோ வழக்கின் துப்பறிவாளருக்கும் அரசு வழக்கறிஞருக்கும், தானாகத் திறக்கும் ஜன்னல் என்று ஒன்று உண்டு என்பது கேள்விப்படாத சங்கதி என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 17 வயது வரை உள்ள, இணையம் பயன்படுத்தும் பிள்ளைகளை நாடு முழுவதும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருந்தார்கள். தேடாமலே ஆபாசப் படங்களை எதிர்கொண்டதாக முந்தைய ஓராண்டு அனுபவத்திலிருந்து சொன்னவர்கள், 2000-இல் வெளியான அறிக்கையில் 25 சதவீதம். 2005-இல் மறுபடி கேட்டபோது 34 சதவீதம். கெல்லி பள்ளி நிகழ்வு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விழுகிறது. மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு எங்கேயோ எப்படியோ நடந்துகொண்டிருந்த ஒன்று, ஒரு வகுப்பறையில் நடந்ததும் குற்றவாளி தேவைப்பட்டார்.

விசாரணைக்கு வருவோம். நார்விச் காவல்துறையின் துப்பறிவாளர் கணினியின் வட்டைச் சோதித்தார். பயன்படுத்திய மென்பொருள் கம்ப்யூட்டர்காப் ப்ரோ. எந்தெந்தத் தள முகவரிகளுக்குக் கணினி போயிற்று, என்ன படங்கள் இறங்கின என்று அது பட்டியல் போட்டுத் தரும். பட்டியலில் ஆபாசத் தளங்கள் இருந்தன. மணி, நிமிடம், வினாடி எல்லாம் இருந்தன. அந்தப் பக்கங்களுக்குப் போக வேண்டுமென்றால் ஒருவர் கையால் சொடுக்கியிருக்க வேண்டும் என்பது அரசுத் தரப்பின் வாதம். வேவு நிரல்கள் இருக்கின்றனவா என்று சோதிக்கவில்லை என்பதும் அதே விசாரணையில் வெளிவந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழக்கின் முடிச்சு இங்கேதான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தான் கொண்டுவரும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். படங்களைத் தற்காலிகக் கோப்புறையில் போட்டு வைக்கும். பயனர் விரும்பிச் சொடுக்கியதால் வந்த பக்கத்துக்கும், ஒரு நிரல் கூப்பிட்டதால் தானாக வந்த ஜன்னலுக்கும் அந்தக் கோப்பில் தனித்தனி அடையாளம் கிடையாது. இரண்டும் ஒரே மாதிரி வரியாகத்தான் விழும். அது கணினி செய்ததைக் கணினி எழுதிய நாட்குறிப்பு. அதில் மனிதர் விரல் எங்கே பட்டது என்பது எழுதப்படுவதில்லை. தங்கள் மென்பொருளால் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்று கம்ப்யூட்டர்காப் நிறுவனமே பிற்பாடு சொல்லிவிட்டது. நாட்குறிப்பை வாக்குமூலமாகப் படித்தார்கள்.

கிளிக்குக்குச் சாட்சி என்று இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரு பக்கத்தில் ஓர் இணைப்பு சிவப்பு நிறத்தில் இருந்தது. ஏற்கெனவே சொடுக்கிய இணைப்பு நிறம் மாறும் என்பது இணையம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே அந்தச் சிவப்பு அமேரோவின் கைத்தடம். ஜூரிக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்த தடயம் என்பதால், பட்டியல்களைவிட இது மனதில் தைத்திருக்கும். பின்னால் அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து படித்தவர்கள் கண்டது, எழுத்தைச் சிவப்பில் காட்டு என்று பக்கத்தை எழுதியவரே அதில் குறித்திருந்தார் என்பது. உலாவியின் அமைப்பைப் பார்த்தார்கள். அந்தக் கணினியில், பார்த்து முடித்த இணைப்புக்குக் குறிக்கப்பட்டிருந்த நிறம் பச்சை சார்ந்த ஒரு நிறம். சிவப்பு என்பது சொடுக்கவே இல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும் நிறம். இரண்டு நிமிட வேலை அந்தச் சோதனை. ஒருவரும் செய்யவில்லை.

எதிர்த்தரப்பிலும் ஒரு நிபுணர் இருந்தார், ஹெர்பர்ட் ஹார்னர் என்பவர். சிகையலங்காரத் தளத்திலிருந்து ஜன்னல்கள் கிளம்பிய விதத்தை ஜூரிக்கு நேரடியாகக் காட்டத் தயாராக வந்தார். அந்தச் சான்றுகளை விசாரணைக்கு முன்பே தங்களுக்குத் தரவில்லை என்று அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. அவர் கொண்டுவந்ததில் பெரும்பகுதி ஜூரியின் கண்ணுக்குப் போகவில்லை. விதி என்னவோ நியாயமான விதிதான். முன்கூட்டியே தராமல் கோட்டைவிட்டவர் எதிர்த்தரப்பு வக்கீல். ஆனாலும் அந்த அறையில் கணினியைச் சரியாகப் புரிந்துவைத்திருந்த ஆள் வாயை மூடிக்கொண்டு இறங்க, புரியாத ஆளின் சாட்சியம் மட்டும் நின்றது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. சொடுக்கினாரா இல்லையா என்ற கேள்வியோடு வழக்கு நிற்கவில்லை. ஏன் பிளக்கைப் பிடுங்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. ஒரு ஸ்வெட்டரையாவது கோட்டையாவது மானிட்டர்மேல் போட்டிருக்கலாமே என்றார்கள். தீர்ப்புக்குப் பிறகு பேசிய ஜூரர்களும் இதையே சொன்னார்கள். கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் படும். எனக்கும் படுகிறது. பிள்ளைகளை வெளியே வரிசையாக நிற்க வைத்திருக்கலாம். திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருக்கலாம்.

ஆனால் கேள்வி இடம் மாறியதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் குற்றம், ஆபாசத் தளங்களுக்குப் போனது. பாதியில் அது, வந்ததைத் தடுக்காதது என்று ஆகிவிட்டது. இது நடக்கச் சட்டத்திலேயே வழி இருந்தது. கனெக்டிகட்டின் அந்தப் பிரிவு, 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் ஒழுக்கம் கெடக்கூடிய நிலையை உண்டாக்குகிறவரை மட்டும் சொல்லவில்லை, அனுமதிக்கிறவரையும் சேர்த்துச் சொல்கிறது. அனுமதித்தல் என்ற சொல் எவ்வளவு அகலமானது பாருங்கள். வடிகட்டியின் உரிமத்தைப் புதுப்பிக்காதவரும் அனுமதித்தவரே. விண்டோஸ் 98-ஐ வகுப்பறையில் விட்டு வைத்தவரும், கணினியைத் திறந்து போட்டுவிட்டுப் போனவரும், உதவி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுமதித்தவர்களே. சொல் அத்தனை பேரையும் கொள்ளும் அகலம் உடையது. வலை மட்டும் ஒருவர்மேல்தான் விழுந்தது.

அவருக்குக் கிடைத்திருந்த ஒரே உத்தரவு அணைக்காதே என்பது. ஒரு நாள் கூலிக்கு வருகிறவர் நிரந்தர ஆசிரியர் சொன்னதை மீறுவதில் உள்ள தயக்கத்தை, நிரந்தர வேலையில் இருப்பவர்கள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் கூப்பிடுவார்களா என்பது ஒவ்வொரு நாளும் கேள்வியாக இருக்கிற வேலை அது. மாணவர்கள் கொடுத்த சாட்சியத்தில், எட்டிப் பார்த்த ஒரு பிள்ளையின் முகத்தை அமேரோ கையால் தள்ளி விலக்கினார் என்பதும் வந்தது. காட்ட நினைக்கிறவர் செய்கிற காரியமா அது? அணைக்காமல் விட்டது புத்திக்குறைவு என்று வைத்துக்கொண்டாலும், அதற்குப் பள்ளி நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பலாம். ஜூரியைக் கூட்ட வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்த பிறகுதான் வெளியுலகம் விழித்தது. ஹார்ட்ஃபோர்ட் கூரண்ட் நாளிதழில் பத்தி எழுதிவந்த ரிக் கிரீன் விடாமல் எழுதினார். ஃபுளோரிடாவில் வேவு நிரல்களுக்கு எதிரான மென்பொருள் தயாரித்துவந்த சன்பெல்ட் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் தலைவர் அலெக்ஸ் எக்கல்பெரி செய்தியைப் படித்துவிட்டு, தன் துறையில் இருந்த நிபுணர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டார். காசு வாங்காமல் சாட்சியப் பதிவுகளை வரிவரியாகப் படித்து, வட்டின் நகலையும் ஆராய்ந்து, 2007 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சிவப்பு நிறக் கதை, நியூடாட்நெட், காலாவதியான வடிகட்டி எல்லாம் ஒரே இடத்தில் கோத்து வைக்கப்பட்டது அதில்தான். அன்று காலை 8 மணிக்குப் பிறகு சிகையலங்காரத் தளத்திலிருந்து ஆபாசப் பக்கங்களுக்கு உலாவி இழுத்துச் செல்லப்பட்ட வழியை அவர்கள் படிப்படியாகக் காட்டினார்கள்.

தண்டனை அறிவிக்கும் தேதி நான்கு முறை தள்ளிப்போனது. இதற்கிடையில் மாநில அரசின் சொந்தத் தடயவியல் கூடமே கணினியைச் சோதித்தது. அதன் முடிவு துப்பறிவாளரின் சாட்சியத்தோடு ஒத்துப்போகவில்லை. 2007 ஜூன் 6 அன்று நீதிபதி ஹிலரி ஸ்ட்ராக்பைன் ஜூரியின் தீர்ப்பை ரத்து செய்து, மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். ஜூரியின் முன் வைக்கப்பட்ட கணினிச் சான்றில் தவறு இருந்தது என்பது காரணம். அரசுத் தரப்பு எதிர்க்கவில்லை.

இந்தச் சிக்கல் நார்விச்சோடு போகவில்லை. அதே ஆண்டு பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் அரசு விசாரணை அதிகாரி ஒருவர் வேலையிழந்தார். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் சிறார் ஆபாசப் படங்கள் இருந்தன. அவருடைய இணையப் பயன்பாட்டுக் கட்டணம் சக ஊழியர்களைவிட நான்கரை மடங்கு இருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் முளைத்தது. நண்பர்கள் விலகினார்கள், சேமிப்பு கரைந்தது. சோதித்துப் பார்த்தால், மடிக்கணினிக்குள் இருந்த தீநிரல் நிமிடத்துக்கு 40 தளங்கள் வரை போய்வந்துகொண்டிருந்தது. எந்த மனித விரலும் அந்த வேகத்தில் சொடுக்காது. அவர்மேல் போட்டிருந்த வழக்கு 2008-இல் கைவிடப்பட்டது. அவருக்குப் பக்கபலமாக ஒன்று இருந்தது: நிமிடத்துக்கு 40 என்ற எண். அபத்தம் எண்ணிலேயே தெரிந்தது. அமேரோவுக்கு அப்படி ஓர் எண் கைகொடுக்கவில்லை. அதனால் அவரைக் காப்பாற்றப் பக்கத்தின் நிரலையே திறந்து படிக்க வேண்டியிருந்தது.

2004 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பியின் புதுப்பிப்பில் பாப்-அப் தடுப்பு உலாவியோடு சேர்ந்தே வந்தது. கெல்லி பள்ளி நிகழ்வுக்கு இரண்டு மாதம் முன்பு. விண்டோஸ் 98-க்கு அது தரப்படவில்லை. அக்டோபர் 19 அன்று அந்த மேசையில் இரண்டு ஆண்டுப் பழைய கணினி ஒன்று, புதுப்பித்த மென்பொருளோடு இருந்திருந்தால், பிள்ளைகள் சிகையலங்காரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இன்றைய வாசகருக்கு இந்தக் கதை பழங்கதையாகத் தோன்றுவதும் இதனால்தான். உலாவிகள் இப்போது அந்த வாசலை ஏறக்குறைய அடைத்துவிட்டன. அடைத்தவர்கள் பொறியாளர்கள்.

மறு விசாரணை நடக்கவே இல்லை. ஒரு வருடத்துக்கும் மேல் வழக்கு அப்படியே கிடந்தது. 2008 நவம்பர் 21 அன்று நீதிமன்றத்துக்கு வந்த அமேரோ, உடல்நலம் கெட்டுத் தளர்ந்திருந்தார். பெரிய குற்றச்சாட்டுகள் விலக்கப்பட்டன. ஒழுங்கீன நடத்தை என்ற ஒற்றைச் சில்லறைக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தெருவில் கூச்சல் போட்டுச் சண்டையிடுகிறவர்கள்மேல் போடுகிற பிரிவு அது. 100 டாலர் அபராதம். அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவர் குற்றவாளி என்ற எண்ணத்தை அப்போதும் விடவில்லை. கணினியை நார்விச் போலீஸ் சரியாகச் சோதிக்காமல் போனதுதான் துரதிர்ஷ்டம் என்றது.

ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அமேரோ கனெக்டிகட்டில் பாடம் நடத்தும் உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தார். காலாவதியான மற்ற உரிமம், வடிகட்டி மென்பொருளுக்கானது, எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இடம்பெறவில்லை.